வளையங்களுக்கு இலக்கணம் கண்டவர்

வேற்றுமை ஏற்பது பெயர் என்றும் காலம் காட்டுவது வினை என்றும் இலக்கணம் கூறுகிறது. அவ்வாறு கூறியபின் மொழியிலுள்ள சொற்களையெல்லாம் எண்ணிப் பட்டியலிட வேண்டிய தேவை இல்லை. ஓர் இனத்தின் சிறப்புப் பண்பைக் கண்டறிந்தால், அவ்வினத்தின் உறுப்புகள் அனைத்தையும் ஒருசேர அறிந்துகொள்ளலாம். இந்த அணுகுமுறையைக் கணிதத்தில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் எம்மி நோதர். பெண் என்பதால் பணியும், யூதர் என்பதால் நாடும் மறுக்கப்பட்ட நிலையிலும், இன்றைய இயற்கணிதத்தின் வடிவத்தையே மாற்றியமைத்த அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஜெர்மனி நாட்டின் பவேரியப் பகுதியில் அமைந்த பழமையான பல்கலைக்கழக நகரம் எர்லாங்கன். அந்நகரில் 1882ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் எம்மி நோதர் பிறந்தார். தந்தை மேக்ஸ் நோதர், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர், தாய் இடா. நான்கு குழந்தைகளுள் எம்மியே மூத்தவர். யூதக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு அக்காலப் பெண்களுக்கு உரியனவாகக் கருதப்பட்ட இசையும் நடனமும் வீட்டுப் பணிகளும் கற்பிக்கப்பட்டன. 1900ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான தேர்வில் தேர்ச்சி பெற்றார். பெண்கள் பள்ளி ஒன்றில் மொழியாசிரியராக அமர்ந்திருந்தால் அவருடைய வாழ்வு அமைதியாகக் கழிந்திருக்கும். அவரோ கணிதம் கற்க விரும்பினார்.

அவ்விருப்பத்திற்கு வழி எளிதாக இல்லை. பெண்களை மாணவராகச் சேர்த்தால் கல்வி ஒழுங்கே குலைந்துவிடும் என எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேரவை 1898இல் கருத்துரைத்திருந்தது. ஆகவே, ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே இசைவு பெற்று, பதிவு பெறாத பார்வையாளராக மட்டுமே அவரால் வகுப்பில் அமர முடிந்தது. ஏறத்தாழ ஆயிரம் மாணவர் பயின்ற அப்பல்கலைக்கழகத்தில் அவ்வாறு அமர்ந்த பெண்கள் இருவரே. 1903இல் பல்கலைக்கழக நுழைவுக்குரிய தேர்வில் வென்ற நோதர், சிறிது காலம் கோட்டிங்கன் நகரில் ஹில்பர்ட், கிளைன், மின்கோவ்ஸ்கி முதலிய பேரறிஞர்களின் வகுப்புகளைக் கேட்டார். 1904இல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் பெண்களை முறையான மாணவராக ஏற்றவுடன் அங்குத் திரும்பிப் பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

கணக்கீட்டிலிருந்து கருத்துக்கு

எர்லாங்கனில் அவருக்கு ஆய்வு நெறியாளராக வாய்த்தவர் பால் கோர்டன். நீண்ட கணக்கீடுகளைச் செய்து முடிப்பதில் நிகரற்றவர் அவர். அவர் வழியில் நின்று நோதர் 1907இல் முனைவர் பட்டம் பெற்றார். குறிப்பிட்ட ஒருவகைக் கோவைகளில், மாறிகளை மாற்றியமைத்தாலும் மாறாது நிற்பனவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, 331 கோவைகளின் பட்டியலை அவ்வாய்வேட்டில் தந்திருந்தார். கடும் உழைப்பின் பயனான அப்பட்டியலைப் பின்னாளில் அவரே உயர்வாக மதிக்கவில்லை. பொருள்களை வரிசைப்படுத்துவதால் மட்டும் அவை அவ்வாறு அமைந்ததற்கான காரணம் புலப்படுவதில்லை என்பதை அவர் உணரத் தொடங்கியிருந்தார்.

அவருடைய சிந்தனையைத் திசைதிருப்பியவை டேவிட் ஹில்பர்ட்டின் ஆய்வுகள். எர்லாங்கனுக்கு 1911இல் வந்த எர்ன்ஸ்ட் ஃபிஷர் என்னும் கணித அறிஞரோடு நிகழ்த்திய உரையாடல்களின் வாயிலாக அவ்வாய்வுகளில் நோதர் ஆழ்ந்தார். கோவைகளைக் கணக்கிட்டுக் காட்டாமலேயே, அவை யாவும் முடிவுறு எண்ணிக்கையிலான சில அடிப்படைக் கோவைகளிலிருந்து பிறப்பனவே என்று ஹில்பர்ட் நிறுவியிருந்தார். கணக்கீட்டின் இடத்தைக் கருத்து பெற்றுக்கொண்ட அம்முறை நோதரை ஈர்த்தது.

இதற்கிடையே, பட்டம் பெற்ற பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் பணி ஏதும் இல்லை. 1908 முதல் 1915 வரை ஏழு ஆண்டுகள் எர்லாங்கனில் ஊதியமின்றி ஆய்வு செய்தார்; தந்தையார் உடல் நலிவுற்ற வேளைகளில் அவருக்கு மாற்றாக வகுப்பெடுத்தார்.

கோட்டிங்கனில் ஒரு போராட்டம்

1915ஆம் ஆண்டில் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் நோதரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை உருப்பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அக்கொள்கையில் ஆற்றல் அழியாமை விதி எவ்வாறு பொருந்தும் என்னும் சிக்கல் அவ்விருவரையும் வாட்டியது. அதற்கு விடைகாண நோதரின் புலமை தேவைப்பட்டது.

ஆயினும், அவரைப் பல்கலைக்கழக விரிவுரையாளராக ஏற்கும் தகுதியேற்புக்கு மெய்யியல் புலத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் பலர் தடையாக நின்றனர். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணிடம் பாடம் கேட்பதா என்பது அவர்களுடைய வாதம். ஆசிரியரின் பாலினத்திற்கும் அவருடைய தகுதிக்கும் தொடர்பில்லை என ஹில்பர்ட் எதிர்வாதம் செய்தும் பயனில்லை. எனவே, ஹில்பர்ட்டின் பெயரில் வகுப்பு அறிவிக்கப்படும். அவருக்கு உதவியாளர் என்னும் நிலையில் நோதர் பாடம் நடத்துவார். இவ்வேற்பாடு ஆண்டுக் கணக்கில் நீடித்தது. ஊதியம் இல்லை, குடும்பத்தின் உதவியே அவருக்குத் துணை.

இந்நிலையில்தான் 1918இல் இயற்பியலின் அடிப்படைகளுள் ஒன்றான தேற்றத்தை அவர் வெளியிட்டார். இயற்கையின் விதிகளில் காணப்படும் தொடர்ச்சியான ஒவ்வொரு சமச்சீர்மைக்கும் அழியாது நிலைபெறும் அளவு ஒன்று உண்டு என்பது அத்தேற்றத்தின் சாரம். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதால் ஆற்றல் அழிவதில்லை. இங்கும் அங்கும் ஒன்றாக இருப்பதால் உந்தம் அழிவதில்லை. எத்திசையிலும் ஒன்றாக இருப்பதால் கோண உந்தம் அழிவதில்லை. இவ்வரிய ஆய்வினைக் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் அவரால் நேரில் வழங்க இயலவில்லை. கழகத்தில் அவர் உறுப்பினர் அல்லர் என்பதால், கிளைன் அதனை 1918ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவையில் முன்வைத்தார்.

முதல் உலகப்போரின் முடிவில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தபோது, பெண்களின் உரிமைகளும் விரிந்தன. 1919இல் தகுதியேற்பு பெற்ற நோதர் தம் சொந்தப் பெயரில் வகுப்பு நடத்தும் உரிமையை அடைந்தார். 1922இல் பேராசிரியர் என்னும் பட்டம் ஒன்று வழங்கப்பட்டது. ஆனால், அது ஊதியமற்ற பட்டம். அடுத்த ஆண்டில்தான் சிறுதொகை ஒன்று அவருக்குக் கிடைக்கலாயிற்று. அப்போது அவருக்கு வயது 41.

வளையமும் சீர்மமும்

நோதரின் பெயரை நிலைநாட்டிய பணியை அறிய, இரு சொற்களின் பொருளை முதலில் அறிதல் வேண்டும்.

நேர் எண்கள், குறை எண்கள், சுழி ஆகியன அடங்கிய முழுக்களை எடுத்துக்கொள்வோம். இரு முழுக்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் கிடைப்பது ஒரு முழுவே. வகுத்தலுக்கு மட்டும் இவ்வுறுதி இல்லை; 7ஐ 2ஆல் வகுத்தால் முழு கிடைப்பதில்லை. பல்லுறுப்புக் கோவைகளும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றைச் செய்தாலும் தன்னுள்ளேயே அடங்கி நிற்பதும், சேர்ப்புப் பண்பு, பங்கீட்டுப் பண்பு முதலிய பழகிய விதிகளுக்கு உட்பட்டதுமான தொகுதி வளையம் எனப்படும்.

வளையத்திற்குள் அமையும் சிறப்பான உட்தொகுதி சீர்மம். 6இன் மடங்குகளைக் கருதுக. இரு மடங்குகளைக் கூட்டினால் 6இன் மடங்கே கிடைக்கிறது. ஒரு மடங்கை எந்த முழுவால் பெருக்கினாலும் அதுவும் 6இன் மடங்கே. இவ்விரு பண்புகளையும் கொண்ட உட்தொகுதியே சீர்மம். இக்கருத்தை 1871இல் வகுத்தளித்தவர் ரிச்சர்ட் டெடகிண்ட் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர்.

எண்களே இருக்கும்போது எண்களின் தொகுதியை ஆராயும் தேவை எதனால் எழுந்தது? ஒரு முழுவோடு √−5இன் முழு மடங்கைக் கூட்டிப் பெறும் எண்கள் ஒரு வளையமாகும். அதில் 6 என்னும் எண்ணை 2 × 3 எனவும் எழுதலாம். (1 + √−5) × (1 − √−5) எனவும் எழுதலாம். இந்நான்கு காரணிகளையும் அவ்வளையத்தில் மேலும் பிரிக்க இயலாது. எந்த எண்ணையும் ஒரே வழியில்தான் பகாக் காரணிகளாகப் பிரிக்கலாம் என்னும் நம் பழகிய உறுதி இங்குக் குலைந்துவிடுகிறது. எண்களுக்கு மாற்றாகச் சீர்மங்களைப் பிரித்தால் அவ்வுறுதி மீள்கிறது. 6இன் மடங்குகளாலாகிய சீர்மம், இருமுறை வரும் ஒன்றையும் சேர்த்து நான்கு பகாச் சீர்மங்களின் பெருக்கமாக ஒரே வழியில் பிரிகிறது. அந்நான்கினை இருவேறு விதமாக இணைத்ததாலேயே 6க்கு இருவேறு காரணிப்படுத்தல்கள் தோன்றின.

நின்றுவிடும் தொடர்

டெடகிண்டும் ஹில்பர்ட்டும் தாம் ஆராய்ந்த குறிப்பிட்ட வளையங்களுக்கே தம் தேற்றங்களை நிறுவினர். நோதர் எழுப்பிய வினா வேறு. ஒரு தேற்றம் மெய்யாவதற்கு வளையத்தின் எந்தப் பண்பு காரணம்? எண்கள் என்பதாலா, கோவைகள் என்பதாலா, அன்றி இரண்டிற்கும் பொதுவான வேறொன்றாலா?

1921இல் வெளியான வளையங்களின் சீர்மக் கோட்பாடு குறித்த கட்டுரையில் அவர் இதற்கு விடை கண்டார். 24இன் மடங்குகள் ஒரு சீர்மம். அதனைத் தன்னுள் அடக்கியது 12இன் மடங்குகளாலாகிய சீர்மம். அதனை அடக்கியது 6இன் மடங்குகள். அதனை அடக்கியது 3இன் மடங்குகள். அதனினும் பெரியது முழுக்கள் அனைத்தும் அடங்கிய தொகுதி. அதற்குமேல் தொடர் வளர இயலாது. முழுக்களின் வளையத்தில், சுழியல்லாத எந்தச் சீர்மத்தில் தொடங்கினாலும் இவ்வாறு ஏறிச்செல்லும் தொடர் ஏதேனும் ஓரிடத்தில் நின்றே தீரும். ஏனெனில், ஓர் எண்ணுக்கு உள்ள வகுத்திகள் முடிவுறு எண்ணிக்கையினவே.

ஏறுதொடர் யாவும் நின்றுவிடும் என்னும் இவ்வொரு பண்பையே நோதர் அடிப்படையாகக் கொண்டார். இப்பண்பை உடைய பரிமாற்று வளையத்தில், ஒவ்வொரு சீர்மமும் முடிவுறு எண்ணிக்கையிலான உறுப்புகளிலிருந்து பிறக்கும் என்று காட்டினார். 12இன் மடங்குகள் என்பவை 4இன் மடங்குகளுக்கும் 3இன் மடங்குகளுக்கும் பொதுவானவை. அதுபோலவே, அவ்வளையத்தின் எந்தச் சீர்மத்தையும், பகா எண்ணின் அடுக்குகளை ஒத்த சில சீர்மங்களின் வெட்டாக எழுதலாம் என்றும் நிறுவினார். எண்களா, கோவைகளா என்னும் வினாவே எழாமல், ஒரு பண்பிலிருந்து இவை அனைத்தும் பெறப்பட்டன. எல்லா வளையங்களும் இப்பண்பை உடையன அல்ல. எண்ணற்ற மாறிகளைக் கொண்ட கோவைகளின் வளையத்தில், ஒவ்வொரு மாறியாகச் சேர்த்துக்கொண்டே சென்றால் தொடர் முடிவின்றி வளரும். ஏறுதொடர்கள் நின்றுவிடும் வளையங்கள் இன்று நோதரிய வளையங்கள் என்றே உலகெங்கும் வழங்கப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்

1894 முதல் 1921 வரை உலகச் சதுரங்க வாகையராகத் திகழ்ந்த இமானுவேல் லாஸ்கர் ஒரு கணித அறிஞரும் ஆவார். கோவைகளின் வளையங்களில் சீர்மங்களைப் பிரித்தெழுதும் தேற்றத்தை அவர் 1905இல் நிறுவினார். நோதர் அதனைப் பொதுமைப்படுத்தினார். ஆகவே, அத்தேற்றம் இருவர் பெயராலும் வழங்குகிறது.

ஐந்து நிபந்தனைகள்

சீர்மங்களை வெட்டுகளாக எழுதுவதினும் அரியது, அவற்றைப் பகாச் சீர்மங்களின் பெருக்கமாக ஒரே வழியில் எழுதுவது. இச்சிறப்பு எந்த வளையங்களுக்கு உரியது? 1927இல் வெளியான கட்டுரையில் நோதர் ஐந்து நிபந்தனைகளைத் தந்தார்.

வளையத்தில் ஏறுதொடர்கள் நின்றுவிடுதல் வேண்டும் என்பது முதல் நிபந்தனை. சுழியல்லாத ஒரு சீர்மத்தை உள்ளடக்கிய சீர்மங்களுள் இறங்குதொடர்களும் நின்றுவிடுதல் வேண்டும் என்பது இரண்டாவது. பெருக்கலுக்கு 1 போன்ற சமனி உறுப்பு இருத்தல் மூன்றாவது. சுழியல்லாத இரண்டினைப் பெருக்கினால் சுழி வாராமை நான்காவது. ஐந்தாவது நிபந்தனை சற்று நுட்பமானது. வளையத்தின் உறுப்புகளாலாகும் பின்னம் ஒன்று, தலைக்கெழு 1 ஆகவும் ஏனைய கெழுக்கள் வளையத்தின் உறுப்புகளாகவும் அமைந்த பல்லுறுப்புக் கோவைச் சமன்பாட்டுக்குத் தீர்வாகுமாயின், அப்பின்னமும் வளையத்தின் உள்ளேயே இருத்தல் வேண்டும். முழுக்களின் வளையம் இவ்வைந்தனையும் நிறைவு செய்கிறது. மேலே கண்ட √−5 சார்ந்த வளையமும் நிறைவு செய்கிறது.

இந்நிபந்தனைகள் நிறைவுறின் சீர்மங்கள் ஒரே வழியில் பிரியும். அவ்வாறு பிரியுமாயின் இந்நிபந்தனைகள் நிறைவுற்றே இருக்கும். இருபுறமும் பொருந்தும் இத்தகைய வரையறையே ஓரினத்துக்கு முழுமையான இலக்கணமாகும். மிகையும் குறையும் அதில் இல்லை. தாம் கண்டறிந்த இவ்வளையங்களுக்குத் தம் பெயர் வேண்டும் என அவர் கருதவில்லை. எல்லாம் டெடகிண்டின் நூலிலேயே உள்ளன என்று மாணவரிடம் அடிக்கடி கூறுவது அவர் வழக்கம். இன்று அவ்வளையங்கள் டெடகிண்டின் பெயராலேயே வழங்குகின்றன.

மாணவர் சூழ் ஆசிரியர்

நோதரின் வகுப்பு, ஆயத்தம் செய்த உரையாக அமைவதில்லை. தீராத சிக்கலை மாணவரோடு சேர்ந்து சிந்திப்பதே அவர் கற்பிக்கும் முறை. விரைவாகப் பேசுவார், எழுதுவார், உடனே அழித்துவிடுவார். புதியவர்கள் திகைத்தனர், தொடர்ந்து வந்தவர்கள் கணித அறிஞர்களாயினர். விடுமுறை நாளொன்றில் கல்விக்கூடம் மூடியிருந்தபோது, மாணவரைக் காட்டுவழியே அழைத்துச்சென்று காப்பிக் கடையில் பாடம் நடத்தினார். தம் கருத்துகளைப் பிறர் வெளியிடுவதையும் விரிப்பதையும் மகிழ்ச்சியோடு ஏற்றார்.

நெதர்லாந்திலிருந்து வந்த வான் டெர் வார்டன், நோதர், எமில் ஆர்ட்டின் ஆகியோரின் வகுப்புகளை அடிப்படையாகக் கொண்டு எழுதிய நவீன இயற்கணித நூல் 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்து, ஒரு தலைமுறையின் பாடநூலாயிற்று. 1928ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நோதர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவருடைய நண்பர் பாவெல் அலெக்சாந்திரோவ் முதலியோர் வாயிலாக அவருடைய இயற்கணிதப் பார்வை இடவியல் துறையிலும் பரவியது. 1932இல் சூரிக் நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கணித மாநாட்டில் முழு அவைக்கும் உரையாற்றினார். அப்பெருமையைப் பெற்ற முதற்பெண் அவரே. அதே ஆண்டில் ஆர்ட்டினோடு இணைந்து அக்கர்மன்–டோய்ப்னர் நினைவுப் பரிசையும் பெற்றார். ஆயினும், கோட்டிங்கன் அவருக்கு முழுநிலைப் பேராசிரியர் பதவியை இறுதிவரை வழங்கவில்லை.

நாடு நீங்கல்

1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். ஏப்ரல் திங்களில் பிறந்த சட்டம், யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கியது. முதலில் பணியிழந்த கோட்டிங்கன் ஆசிரியர்களுள் நோதரும் ஒருவர். முன்பு பெண் என்னும் ஒரு சொல்லால் அவரை மதிப்பிட்டனர். இப்போது யூதர் என்னும் ஒரு சொல்லால் மதிப்பிட்டனர். அவ்விரு வேளைகளிலும் அவருடைய புலமை எண்ணிப் பார்க்கப்படவில்லை.

அவர் புலம்பவில்லை. தம் சிறிய வீட்டிலேயே மாணவரைக் கூட்டிப் பாடத்தைத் தொடர்ந்தார். அவர்களுள் ஒருவர் நாஜிப் படையின் சீருடையில் வந்தமர்ந்தபோதும் அவரை விலக்கவில்லை. வேலையிழந்த பிறருக்காகவே அதிகம் கவலைப்பட்டார் என்பதை அவருடைய நண்பர்கள் பதிவு செய்துள்ளனர்.

அவ்வாண்டின் இறுதியில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிரின் மார் மகளிர் கல்லூரியில் பணியேற்றார். அவருடைய இளவல் ஃபிரிட்ஸ் நோதரும் ஒரு கணித அறிஞர். அவர் சோவியத் நாட்டின் டோம்ஸ்க் நகருக்குச் சென்றார். சில ஆண்டுகளில் அங்குக் கைது செய்யப்பட்டு, 1941இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

பிரின் மாரில் பெண்களுக்குக் கற்பிக்கும் வாய்ப்பு நோதருக்குக் கிட்டியது. வாரந்தோறும் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்திலும் சொற்பொழிவாற்றினார். இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறாத நிலையில், 1935ஆம் ஆண்டு ஏப்ரலில் கட்டி ஒன்றை அகற்ற அறுவை மருத்துவம் செய்துகொண்டார். தேறிவருவதுபோல் தோன்றிய வேளையில் திடீரென நிலைமை மோசமாகி, ஏப்ரல் 14ஆம் நாள் மறைந்தார். அவருக்கு வயது 53. கணித அறிஞர் ஹெர்மன் வைல் நினைவுரை ஆற்றினார். ஐன்ஸ்டைன், நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு மடல் எழுதி அவருடைய மேதைமையைப் போற்றினார். பிரின் மார் கல்லூரி நூலகத்தின் உள்முற்றத்து நடைபாதையின் கீழ் அவருடைய சாம்பல் புதைக்கப்பட்டுள்ளது.

நிலைத்த பணி

இன்று கணிதப் பட்ட வகுப்பில் இயற்கணிதம் பயிலும் மாணவர், வளையம் என்னும் சொல்லை வரையறையாகவே முதலில் சந்திக்கின்றனர். எடுத்துக்காட்டுகள் பின்னர் வருகின்றன. ஒரு பண்பைக் கூறி, அதனை உடைய வளையங்கள் அனைத்துக்கும் ஒரே நிறுவல் தரும் முறை அவர்களுக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. அம்முறை இயல்பானதாகும்படி உழைத்தவர் நோதர். 331 கோவைகளைக் கையால் கணக்கிட்டுத் தொடங்கிய ஒருவர், பொருள்களின் தோற்றத்தை விடுத்து அவற்றின் பண்பைத் தேடும் பாதையை இருபது ஆண்டுகளில் உருவாக்கினார். ஊதியமும் பதவியும் இல்லாத ஆண்டுகளிலேயே அப்பணியின் பெரும்பகுதி நிறைவேறியது.

கற்பவை கற்றபின்...

1. 60இன் மடங்குகளில் தொடங்கி ஏறிச்செல்லும் சீர்மத் தொடர்கள் இரண்டினை எழுதுக. அவை எங்கு நின்றுவிடுகின்றன எனக் காண்க.

2. உமக்குப் பழக்கமான ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்புகள் அனைத்துக்கும் பொருந்துவதும் பிறவற்றுக்குப் பொருந்தாததுமான இலக்கணம் ஒன்றை வகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.